டிரிம் முள் ஆடுகிறதா? மீட்டரை வாங்கும் முன் சென்சாரைப் பாருங்கள்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் சாய்வைக் காட்டும் டிரிம் மீட்டர் தாறுமாறாகக் காட்டத் தொடங்கியதும் பலர் முதலில் வாங்குவது புது மீட்டர். கண்ணுக்குத் தெரிவது அதுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், மாட்டுவதும் எளிது. மாட்டி முடித்து சாவியைத் திருப்பினால் முள் பழையபடியே ஆடும். மீட்டர் இருப்பது உலர்ந்த இடம். அது அசைவதும் இல்லை. சென்சாரோ இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் இடுக்கில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் கிடக்கிறது. இன்ஜின் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் ஒயர் மடங்கி நிமிர்கிறது. இரண்டில் எது முதலில் கெடும் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த மதிப்பீட்டில் வருபவை நான்கு: இன்ஜின் கம்பெனியின் அசல் சென்சார், மற்ற கம்பெனிகள் அதே அளவில் செய்து விற்கும் மாற்றுச் சென்சார், தனியாக விற்கும் அனலாக் மீட்டர், அனலாக் சிக்னலை டிஜிட்டல் திரைக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் கன்வெர்ட்டர். எதை வாங்குவது என்பது பழுது எங்கே என்பதைப் பொறுத்தது. அதனால் சோதனையைத் தனியாகவும் மதிப்பீட்டைத் தனியாகவும் பிரிக்கவில்லை. படகின் பின்புறம் அடியில் இருக்கும் டிரிம் டேப் பலகைகளுக்கும் மீட்டர் உண்டு. அது வேறு சாதனம், இங்கே பேசுவது இன்ஜினின் சாய்வைக் காட்டும் மீட்டரைப் பற்றி மட்டுமே. கடையில் கேட்கும்போதும் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள், பெயர்க் குழப்பத்தில் தவறான பொருள் கைக்கு வருவது சாதாரணமாக நடக்கிறது.

சென்சார் என்பது உள்ளே ஒரு மாறும் ரெசிஸ்டர், அவ்வளவுதான். பெட்டியில் ‘சென்டிங் யூனிட்’ என்று அச்சாகியிருக்கும். பல இன்ஜின்களில் இது படகைப் பிடித்திருக்கும் இடப்பக்கக் கிளாம்ப் பிராக்கெட்டின் உட்புறம், இன்ஜின் ஏறி இறங்கும் அச்சான டில்ட் டியூபுக்கு அருகில் இருக்கும். இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஸ்விவல் பிராக்கெட்டில் உள்ள கேம் என்ற ஒரு புடைப்பு, சென்சாரின் சிறு கையை அழுத்தும் அல்லது திருப்பும். கை திரும்பத் திரும்ப உள்ளே ஒரு உலோக நாக்கு ரெசிஸ்டர் பட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும். மீட்டரில் மூன்று முக்கிய முனைகள்: சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் ‘ஐ’, சென்சார் ஒயர் சேரும் ‘எஸ்’, எர்த்துக்கான ‘ஜி’. விளக்குக்கு ஒன்று தனி. அமெரிக்க முறையில் ஒயர் இழுத்த படகுகளில் 12 வோல்ட் வருவது ஊதா, எர்த் கறுப்பு. மெர்க்குரியில் சென்சார் ஒயர் பழுப்பில் வெள்ளைக் கோடு, ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களில் வெள்ளையில் வெளிர் பழுப்புக் கோடு. யமஹாவில் சென்சாருக்கு இளஞ்சிவப்பு, சாவி வழியே வரும் 12 வோல்ட்டுக்கு மஞ்சள். படகு கைமாறி வந்திருந்தால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், இடையில் யாராவது வேறு நிற ஒயரைச் சேர்த்திருப்பார்கள்.

முள் எப்படி ஆடுகிறது என்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது எந்தக் கருவியையும் விடப் பயன் தரும். இன்ஜினைக் கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் முள் குதித்தால், ரெசிஸ்டர் பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. வழக்கமாக ஓட்டும் சாய்வு எதுவோ, பட்டை பெரும்பாலும் அங்கேதான் தேயும், நாக்கு அதிக நேரம் அதிர்ந்துகொண்டிருப்பது அங்கேதான். குதிக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், குறிப்பாக ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதோ அலையில் படகு விழும்போதோ குதித்தால், ஒயர் உள்ளே முறிந்து உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரிம் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை முள் ஒரு பக்கம் இழுத்து, கையை எடுத்ததும் திரும்பி வந்தால், சென்சாரைத் தொடவே வேண்டாம், பேட்டரி நெகட்டிவ் கேபிளைப் பாருங்கள். விளக்கைப் போட்டாலோ படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடினாலோ முள் நகர்ந்தால் டாஷ்போர்டின் எர்த் சரியில்லை. எல்லா மீட்டர்களும் சேர்ந்து ஆடினால் பொதுவான சப்ளையில் கோளாறு. முள் ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டால் ஒயர் முழுதாக அறுந்திருக்கும் அல்லது எங்கோ உடலில் உரசி எர்த் ஆகியிருக்கும்.

இன்னொரு வகை, ஆடவே ஆடாது. ஆனால் எப்போதும் தவறாகவே காட்டும். இன்ஜின் முழுக்கக் கீழே இருக்கும்போது முள் கால்வாசி ஏறி நிற்கும், அல்லது முழுக்க ஏற்றினாலும் பாதியைத் தாண்டாது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: சென்சார் திருகு தளர்ந்து இடம் மாறியிருக்கும், அல்லது மீட்டரும் சென்சாரும் வேறுவேறு ஓம் அளவுக்குச் செய்தவை.

இந்த ஓம் கணக்கை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. மெர்க்குரி வகைச் சென்சார் ஏறத்தாழ 10 ஓமில் தொடங்கி 160-க்குச் சற்று மேல் வரை போகும். ஜான்சன், எவின்ரூட் வகை 90 ஓமுக்குள் அடங்கிவிடும். யமஹாவின் பல மாடல்களில் இன்ஜின் முழுக்கக் கீழே இருக்கும்போது 9 முதல் 11 ஓம் இருக்க வேண்டும், மறுமுனையில் 250 ஓமைத் தொடும் அல்லது தாண்டும். எண்ணெய்த் தொட்டி, எரிபொருள் தொட்டி மீட்டர்களின் 240-லிருந்து 33 என்ற அமெரிக்க அளவு, 10-லிருந்து 180 என்ற ஐரோப்பிய அளவு இரண்டும் வேறு. உங்கள் இன்ஜினின் சரியான எண் அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில கம்பெனிகளில் குறைந்த ஓம் ‘கீழே’, சிலவற்றில் அது ‘மேலே’ என்பதையும் அங்கேதான் சரிபார்க்க வேண்டும்.

இப்போது களிம்பு ஏறிய ஒரு கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை பூத்த அந்த இணைப்பு 20 ஓம் கூடுதலாகச் சேர்க்கிறது என்று வைப்போம். 10-லிருந்து 160 வரை போகும் சென்சாரில் அது முழு அளவில் 13 சதவீதம். 0-லிருந்து 88 வரை போகும் சென்சாரில் அதே 20 ஓம் கிட்டத்தட்ட 23 சதவீதம், அதாவது மீட்டரில் கால்வாசி தூரம். ஆகவே ஓம் வீச்சு குறைவாக உள்ள இன்ஜின்களில் களிம்பு சீக்கிரமே முள்ளில் தெரிந்துவிடும்.

கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் கணக்கு தலைகீழ். தண்ணீர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். அந்தக் கசிவு 300 ஓம் அளவுக்கு இருந்தால், 160 ஓம் காட்ட வேண்டிய சென்சார் 104 ஓமாகத் தெரியும். ஆனால் 10 ஓம் முனையில் அது 9.7 ஆகத்தான் தெரியும், முள்ளில் வித்தியாசமே இருக்காது. இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. இரு முனைகளிலும் ஓம் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தால் களிம்பு. குறைந்த முனை சரியாக இருந்து உயர்ந்த முனை மட்டும் சரிந்திருந்தால் ஈரக்கசிவு. முனைகள் சரியாக இருந்து நடுவில் மட்டும் குதித்தால் பட்டைத் தேய்மானம். இதில் முதல் இரண்டுக்கும் எந்தப் பொருளும் வாங்கத் தேவையில்லை, கனெக்டரைச் சுத்தம் செய்தால் போதும்.

சோதனையை மீட்டரில் இருந்து தொடங்குங்கள், அங்கே கை எட்டும். சாவியைப் போட்டு ‘ஐ’ முனைக்கும் ‘ஜி’ முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் நேரடியாகக் கிடைக்கும் எண்ணுக்கு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து ‘எஸ்’ முனையிலிருந்து ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். ஒரு ஜம்பர் ஒயரால் ‘எஸ்’ முனையை ‘ஜி’ முனையோடு தொட்டால் மறுகோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் உயிரோடுதான் இருக்கிறது.

உயிரோடு இருப்பது வேறு, நடுவில் சரியாகக் காட்டுவது வேறு. அதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 1 வாட் ரெசிஸ்டர்கள் நான்கு போதும்: 10, 47, 82, 150 ஓம். ஒவ்வொன்றையும் ‘எஸ்’ முனைக்கும் ‘ஜி’ முனைக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். மீட்டரின் ஓம் வீச்சுக்குள் அடங்கும் ஒவ்வொன்றுக்கும் முள் வேறு இடத்தில் போய் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகு கண்ணாடியை விரலால் இலேசாகத் தட்டுங்கள். முள் துள்ளிப் புது இடத்தில் நின்றால் மீட்டரின் அச்சு தேய்ந்திருக்கிறது, அப்போது மட்டும் புது மீட்டர் வாங்குங்கள். ரெசிஸ்டரில் அசையாமல் நிற்கும் முள், சென்சார் ஒயரை மாட்டியதும் ஆடினால் பழுது டாஷ்போர்டைத் தாண்டி இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மீட்டர் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து சென்சாரை அளக்க வேண்டும். சாவியை அணைத்து, சென்சார் ஒயரை இன்ஜின் பக்கக் கனெக்டரில் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதில், மறுமுனையைச் சென்சாரின் கறுப்பு ஒயரில் வையுங்கள். சில மாடல்களில் தனிக் கறுப்பு ஒயர் இருக்காது, சென்சாரின் உடலே எர்த். அப்போது இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொடுங்கள். முதலில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த ஓம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், 10 ஓமை அளக்கும் இடத்தில் 1 ஓம் பிழையும் கணக்கில் வரும். பல இன்ஜின்களில் கவுலிங் எனும் இன்ஜின் மூடியின் பக்கத்தில் உள்ள டிரிம் பொத்தான் சாவி இல்லாமலே வேலை செய்யும். அதை ஒவ்வொரு நொடியாக விட்டுவிட்டு அழுத்தி, கீழிருந்து மேலே முழுத் தூரத்தையும் பாருங்கள். எண் சீராக ஏற வேண்டும் அல்லது சீராக இறங்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும், நொடியில் மறைந்துபோகும் குதிப்பு அதில் சிக்காது. முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உண்மையில் மேலானது. அது இல்லையென்றால் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்ணைப் பதிவு செய்யும் மாடலைப் பயன்படுத்துங்கள்.

எண் சீராக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். இன்ஜினைப் பாதி ஏற்றிய நிலையில் வைத்து, சென்சார் ஒயரை பிராக்கெட் ஓரத்திலிருந்து கவுலிங் வரை விரலால் மெதுவாக அசைத்துக்கொண்டே வாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எண் குதிக்கும் இடத்தில்தான் முறிவு. பிராக்கெட்டை விட்டு ஒயர் வெளியே வரும் முதல் வளைவுதான் அதிகம் முறியும் இடம்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். ஏற்றிய இன்ஜினின் பிராக்கெட் இடுக்கில் கை விடுவதற்கு முன் டில்ட் லாக் நெம்புகோலைப் போடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கை விடக் கூடாது. ஆயில் கசிவு இருந்தாலோ மேனுவல் ரிலீஸ் திருகு தளர்ந்திருந்தாலோ இன்ஜின் தானாக இறங்கும், நூறு கிலோவுக்கு மேல் எடை விரல் மேல் வரும்.

நெகட்டிவ் கேபிள் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. இன்ஜினை ஏற்றி இறக்கும் டிரிம் பம்ப் ஓடும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். நெகட்டிவ் இணைப்பில் வெறும் 0.02 ஓம் கூடுதலாக இருந்தாலே 40 ஆம்பியரில் 0.8 வோல்ட் விழும். அந்த நேரத்தில் சென்சாரின் எர்த்தும் மீட்டரின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது, அதனால்தான் பொத்தானை அழுத்தும்போது முள் இழுக்கிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் பிடித்து டிரிம் பொத்தானை அழுத்துங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் லக்குகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரி கம்பத்தில் சிறகு நட்டு இருந்தால் அதைத் தூக்கிப்போட்டு அறுகோண நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள், சிறகு நட்டு அதிர்வில் தளர்வது இயல்பு. டிரிம் மீட்டரைவிடப் பெரிய பல தொல்லைகளும் அதோடு தீரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சென்சார்தான் குற்றவாளி என்றால், எதை வாங்குவது?

அசல் சென்சாருக்கு என் முழு வாக்கு. விலை கூடுதல் என்பது உண்மை, பார்ப்பதற்கு அந்த விலைக்கு உரிய பொருளாகவும் தெரியாது: ஒரு பிளாஸ்டிக் வட்டு, ஒரு கை, ஒரு ஒயர். ஆனால் மூன்று விஷயங்களில் அது தன் விலையை நியாயப்படுத்துகிறது. முதலாவது ஒயரின் நீளமும் நெகிழ்வும். அது கவுலிங்குக்குள் இருக்கும் கனெக்டர் வரை இணைப்பே இல்லாமல் போய்ச் சேரும், தண்ணீர் படும் இடத்தில் ஒட்டுப்போட வேண்டியதில்லை. இரண்டாவது ஒயர் உடலுக்குள் நுழையும் இடத்தில் போடப்பட்ட சீல். மூன்றாவது கையின் வடிவம். கேமின் மேல் கை சரியாக உட்காராவிட்டால் ஓம் வீச்சு பாதியில் நின்றுவிடும். இந்த மூன்றாவதை அளந்து பார்த்து வாங்க முடியாது, பொருத்திய பிறகுதான் தெரியும்.

மாற்றுச் சென்சார்களில் நல்லவையும் உண்டு, ஆகாதவையும் உண்டு. பெட்டியைத் திறந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒயரின் முனையைச் சிறிது உரித்தால் உள்ளிருக்கும் இழைகள் வெள்ளி நிறத்தில் வெள்ளீயம் பூசியவையாக இருக்க வேண்டும், செம்பு நிறத்தில் மொட்டையாக இருந்தால் உப்புக் காற்றில் அது உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும். ஒயர் உடலைச் சேரும் இடம் கெட்டியான ரெசினில் பதிந்திருக்க வேண்டும், வெறும் ரப்பர் மூடி போதாது. கையைத் திருப்பினால் ஸ்பிரிங் அதைத் தயங்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்காவது முக்கியமானது: மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரில் முழு வீச்சையும் பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். புதிதிலேயே ஒரு இடத்தில் எண் குதித்தால் உடனே திருப்பிக் கொடுங்கள், ஓட ஓடச் சரியாகும் என்ற பேச்சில் உண்மையில்லை. திருகு ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இடத்தைச் சரிசெய்யும் வசதி கேமில் இல்லாத இன்ஜின்களில் அந்த நீள்வட்டம் இல்லாத சென்சாரை மாட்டி எந்தப் பயனும் இல்லை.

அனலாக் மீட்டர்களில் எந்த இன்ஜினுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவற்றைத் தவிருங்கள். நல்ல கம்பெனிகள் இன்ஜின் வகைக்கு ஏற்பத் தனித்தனி மீட்டர் விற்கின்றன. உதாரணமாக ஃபாரியா, மெர்க்குரி வகைக்கு ஒரு டிரிம் மீட்டரும் ஜான்சன், எவின்ரூட், சுசூகி வகைக்கு வேறொன்றும் வைத்திருக்கிறது. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் உள்ள இன்ஜின் பெயரைப் படிக்காமல் முகப்பின் அழகை மட்டும் பார்த்து எடுத்தால், ஆடாத ஆனால் எப்போதும் தவறாகக் காட்டும் மீட்டர் வந்து சேரும். ஓட்டை அளவு கவலை தராது, இந்தச் சிறு மீட்டர்களுக்கு 52 மில்லிமீட்டர் என்பதே பரவலான அளவு. பின்புறம் திருகுக் கம்பமும் நட்டும் இருக்கும் மாடலை, செருகு முனை இருக்கும் மாடலைவிட நான் எப்போதும் முன்னே வைப்பேன். செருகு முனை அதிர்வில் மெல்ல விரிந்துகொடுக்கும். பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போதும் இன்ஜின் சார்ஜ் செய்து 14 வோல்ட்டைத் தாண்டும்போதும் முள் ஒரே இடத்தில் நிற்பதுதான் நல்ல மீட்டருக்கு அடையாளம். உள்ளே உள்ள சுருள்கள் இரண்டும் ஒரே சப்ளையைப் பகிர்ந்துகொள்வதால் வோல்ட் ஏறினாலும் அவற்றின் விகிதம் மாறாது. மலிவான மீட்டரில் இந்தச் சமநிலை சரியாக அமைவதில்லை.

இரண்டு ஸ்டீயரிங் இடங்கள் உள்ள படகில் ஒரே சென்சாருக்கு இரண்டு மீட்டர் மாட்டினால் இரண்டுமே தவறாகக் காட்டும், ஒவ்வொரு மீட்டரும் சென்சார் வழியாகத் தன் மின்சாரத்தைச் செலுத்தும். இரண்டு மீட்டருக்கென்றே செய்த சென்சாரும் அதற்கு ஏற்ற மீட்டர் ஜோடியும் வாங்க வேண்டும். அனலாக் மீட்டரையும் கன்வெர்ட்டரையும் ஒரே ஒயரில் சேர்ப்பதும் இதே தவறுதான்.

கன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 வலையில் டிரிம் அளவு, இன்ஜின் வேகம் வரும் 127488 என்ற அதே செய்தியில் சதவீதமாக வருகிறது. பழைய இன்ஜினின் ஓமை அளந்து அந்த எண்ணாக மாற்றித் தருவதுதான் கன்வெர்ட்டரின் வேலை. கீழ்முனை, நடு, மேல்முனை என்று பல புள்ளிகளில் உங்கள் சென்சாரின் ஓமை நீங்களே பதிவு செய்ய முடிகிற மாடலை மட்டும் வாங்குங்கள், இரண்டு மூன்று தயார் வகைகளை மட்டும் தரும் மாடல் உங்கள் இன்ஜினோடு ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. கன்வெர்ட்டரில் ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அது எண்களைச் சராசரி செய்து மென்மையாகக் காட்டும், தேயத் தொடங்கிய சென்சாரின் குதிப்பு திரையில் தெரியாது. ஆடும் முள்ளுக்கு மருந்தாக இதை வாங்கினால் நோய் மறையும், தீராது.

புதிய இன்ஜின்களில் சென்சார் ஒயர் நேராக இன்ஜினின் கம்ப்யூட்டருக்குப் போகிறது, அங்கிருந்துதான் திரைக்கு எண் வரும். அங்கே ஓம் அளப்பது பல நேரம் பொருந்தாது, சில சென்சார்கள் மூன்று ஒயரில் 5 வோல்ட் வாங்கி, சாய்வுக்கு ஏற்ப அதற்குள் அடங்கும் வோல்ட் அளவைத் திருப்பித் தரும் வகை. மெர்க்குரியின் ஸ்மார்ட்கிராஃப்ட் திரைகளில் முழுக் கீழ்நிலை, டிரிம் எல்லை, முழு மேல்நிலை என்று மூன்று இடங்களைப் பதிவு செய்யும் மெனு உண்டு. பேட்டரி மாற்றிய பிறகோ சென்சாரைத் தொட்ட பிறகோ திரை தவறாகக் காட்டினால், எதையும் வாங்கும் முன் அந்தப் பதிவை மறுபடி செய்யுங்கள். சில இன்ஜின்களில் ஓட்டத்தின்போது எவ்வளவு ஏற்றலாம் என்ற எல்லையையும் கம்ப்யூட்டர் இதே சென்சாரை வைத்தே முடிவு செய்கிறது. அங்கே ஆடும் எண் வெறும் தொல்லை அல்ல, இன்ஜின் ஏறாமல் பாதியில் நிற்கும். பழைய அனலாக் மீட்டரில் இதைத் தள்ளிப்போடலாம், வேகத்தையும் ஸ்டீயரிங்கின் கனத்தையும் வைத்து ஓட்டிவிட முடியும். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜினில் தள்ளிப்போடாதீர்கள்.

சென்சார் மாற்றும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும், திருகு ஒத்துழைத்தால். அலுமினிய பிராக்கெட்டில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்தால் இரண்டும் ஒன்றாக இறுகிப்போகும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். கழலவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் வெப்பத்தைக் கூட்டுங்கள், ஹீட் கன் போதும். தலை உடைந்த திருகை அந்த இடுக்கில் துளைத்து எடுப்பது சென்சார் விலையைவிடப் பெரிய செலவு. பழைய ஒயரை இழுத்து எடுப்பதற்கு முன் அதன் முனையில் ஒரு கெட்டி நூலைக் கட்டுங்கள், ஒயர் வெளியே வரும்போது நூல் அதே பாதையில் உள்ளே போய்விடும். புது ஒயரை அந்த நூலில் கட்டி இழுத்தால் பாதை தேட வேண்டியதில்லை. புதுத் திருகுகளில் மெரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பிராக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒயருக்கு ஒரு சிறு வளையம் விட்டு, அதற்கு அப்பால் டை போடுங்கள். டை போட்ட பிறகு இன்ஜினை முழுக்க ஏற்றி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கும் விறைக்கவில்லை என்று கண்ணால் பாருங்கள். கவுலிங்குக்குள் ஒட்டுப்போட நேர்ந்தால் உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் பயன்படுத்துங்கள். இன்சுலேஷன் டேப் ஈரத்தைத் தடுக்காது, சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இடம் அமைப்பதற்குத் திருகுகளைப் பாதி இறுக்கிய நிலையில் இன்ஜினை முழுக்கக் கீழே இறக்கி ஓம் பாருங்கள். பின் மேலே ஏற்றி, லாக் போட்டு, சென்சாரையோ கேமையோ சிறிது நகர்த்தி, மறுபடி இறக்கி அளக்க வேண்டும். யமஹாவில் கேம் திருகைத் தளர்த்தி, கீழ்நிலையில் 9 முதல் 11 ஓமுக்குள் கொண்டுவந்து இறுக்குவதுதான் முறை. மற்ற இன்ஜின்களுக்கு அவற்றின் மேனுவலில் உள்ள எண். இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், அவசரப்பட்டுக் கண்ணளவில் வைத்துவிடாதீர்கள். மேல்முனையில் முள் சீக்கிரமே கோடிக்குப் போய் நிற்பதைப் பார்த்துப் பழுது என்று எண்ண வேண்டாம். ஓட்டத்துக்குரிய டிரிம் வீச்சு தொடக்கத்தின் சுமார் 20 டிகிரிதான், அதற்கு மேல் உள்ளது இன்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்கும் டில்ட். பல மீட்டர்கள் அந்த முதல் பகுதியை மட்டுமே விரித்துக் காட்டும்.

இரட்டை இன்ஜின் படகில் ஒரு சென்சாரை மாற்றினால் இரண்டையும் கீழ்நிலையில் ஒரே ஓமுக்கு அமையுங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு திருகுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, கீழ்நிலை ஓமை மறுபடி அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு கவுலிங்கின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை முள் ஆடும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.